மேற்கு அறையின் கைப்பிடி

ஜன்னல் கைப்பிடி வாங்க என்னையும் கூட்டிப் போக வேண்டும் என்று அத்தை சொல்லியனுப்பியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. உடுமலைப்பேட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் ஜன்னல் என்பது பூனை நுழையும் அளவுக்குச் சுவரில் ஒரு ஓட்டை. அதற்கு ஒரு மரக்கதவு, ஒரு கொக்கி, அவ்வளவுதான். கைப்பிடியைப் போய் ஒருத்தி பார்த்துப் பார்த்து வாங்குவாளா என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பட்டிக்காட்டு ஜனங்களுக்கு என்ன தெரியும் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு வாயும் அதிகம், கர்வமும் அதிகம். இரண்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. கோயமுத்தூரில் பஞ்சு அரவை மில் வைத்திருந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டு, பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மாமா நூல் மில்லும் போட, ஊருக்கு மேற்கே புதிதாகப் பிரித்த மனையில் பங்களா கட்டிக்கொண்டிருந்தாள். பழைய தெருக்களில் வருஷம் தவறினாலும் பிளேக் தவறாது. அதனால் வசதி உள்ளவர்கள் எல்லோரும் மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். கான்வென்டில் படித்த வருஷங்களில் நான் அத்தையின் பழைய வீட்டில்தான் இருந்தேன். என்மேல் அவளுக்கு உயிர். எனக்கு ஜடை பின்னாமல் அவள் காப்பி குடித்ததில்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் பக்கத்தில் அவனுடைய சகோதரி கூறைப்புடவையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். அண்ணனுக்குப் பெண் பிறந்தால் அது தன் மகனுக்கு என்று அவள் உரிமை கேட்கலாம். கேட்டால் அண்ணன் இல்லை என்று சொல்லக் கூடாது. என் அப்பாவின் பக்கத்தில் அப்படி உட்கார்ந்தவள் அத்தை. அத்தைக்கு ஒரு மகன், அப்பாவுக்கு நான் ஒரு பெண். எனவே யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், அந்த பங்களாவின் கைப்பிடிகளை நான் யாருக்காகத் தேர்ந்தெடுக்கப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். எனக்காகத்தான். மச்சான் எனக்குப் பிடிக்காதவரும் இல்லை. அதிகம் பேசமாட்டார். நான் பேசுவதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே வார்த்தையில் என்னைச் சிரிக்க வைத்துவிடுவார்.

அவர் ஊரில் இல்லை என்றாள் அத்தை. மில்லுக்கு மெஷின் பார்க்கப் பம்பாய் போயிருக்கிறாராம்.

பெரிய கடைவீதியில் சீமைச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் மேஜைமேல் பச்சைத் துணி விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வெற்றிலைக் காம்பு மாதிரி வளைந்தது, நுனியில் பூ மொட்டு உள்ளது, பீங்கான் குமிழ் வைத்தது, சும்மா ஒரு பட்டையாக வழவழவென்று நீண்டது. எல்லாம் பித்தளை. திருப்பினால் மேலேயும் கீழேயும் ஒரு கம்பி ஓடிப் போய்ச் சட்டத்தைக் கவ்விக்கொள்ளும். நான் ஒவ்வொன்றையும் பிடித்துப் பார்த்தேன். கையில் கனமாக, குளிர்ச்சியாக இருந்தன. கூடத்துக்குப் பூ மொட்டு, மாடிக்குக் காம்பு, பூஜை அறைக்குப் பீங்கான் என்று ராணி மாதிரி கையை நீட்டி நீட்டிச் சொன்னேன். அத்தை எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

"மேற்கு ரூமுக்கும் இந்தப் பூ மொட்டையே போட்டரலாங்களா அத்தை?" என்றேன்.

"அதுக்கு வேண்டாங் கண்ணு. பூ வேலைல அழுக்கு அடையும். அந்த ரூமுக்கு வழுவழுன்னு இருக்கோணும். தெனமும் பினாயில் போட்டுத் தொடைக்கோணுமல்ல."

ஜன்னல் கைப்பிடியை எதற்காகத் தினமும் பினாயில் போட்டுத் துடைக்க வேண்டும்? எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. பட்டைக் கைப்பிடி அழகில்லாமல் இருக்கிறதே என்றுதான் சிடுசிடுத்தேன்.

கடைக்காரர் வேறொன்றை எடுத்தார். பட்டைதான், ஆனால் அடியில் சாவித் துவாரம் இருந்தது. "இதுல சாவி போட்டுப் பூட்டிப்போட்டா உள்ள இருக்கறவங்களும் தொறக்க முடியாதுங்க. கொழந்தைங்க இருக்கற ஊட்டுக்கு வாங்கிட்டுப் போறாங்க" என்றார்.

அத்தை அதைத் தொடக்கூட இல்லை. பாம்பைப் பார்த்தவள்போலப் பின்னால் நகர்ந்தாள். "அத எடுத்து உள்ள வையுங்க. வேண்டவே வேண்டாம்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். கடைக்காரர் பதறிப்போய் அதை மடித்த துணிக்குள் தள்ளினார்.

பிறகு கேட்டாளே ஒரு கேள்வி. "ஏனுங்க, இந்தப் பட்டையைப் போட்டுச் சாத்திப்போட்டா உள்ள போடற சத்தம் வெளிய கேக்குங்களா?"

கேட்காது, அப்படி இறுக்கிப் பிடிக்கும் என்றார் அவர். கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கு அறையின் ஜன்னலில் அதே கைப்பிடியை மாட்டி வைத்திருந்தார். வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அத்தை என்னை உள்ளே போகச் சொன்னாள். கதவைச் சாத்தினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தை காதைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு பாட்டுப் பாடினேன். அவள் கையை ஆட்டி நிறுத்தச் சொல்லி, ஜன்னலைத் திறக்க வைத்தாள்.

"பாட்டு வேண்டாங் கண்ணு. இருமு."

"இருமோணுங்களா?"

"ஆமா. சாத்திட்டு நல்லா இருமு. தொண்டைல இல்ல, நெஞ்சுலருந்து."

எனக்குச் சிரிப்பு வந்தது. கைப்பிடியைத் திருப்பிவிட்டு இருமினேன். கண்ணாடி வழியாக அத்தை இன்னொரு தடவை என்று சைகை காட்டினாள். இன்னும் பலமாக இருமினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, சாமி வாக்குக் கேட்கிறவள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் என் தலையைத் தடவி, "ஒண்ணுமே கேக்கல. இதையே வாங்கிப்போடலாம்" என்றாள். சிரிப்பு என் வாயிலேயே காய்ந்துபோயிற்று. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. கார் ஏறி வீடு வரும் வரை நான் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தால் யாராவது உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். அன்று அத்தை கேட்கவில்லை.

மறுநாள் பங்களாவுக்குப் போனோம். ஆசாரி கைப்பிடிகளை வைத்துக் குறித்துக்கொண்டிருந்தார். எல்லா அறைகளிலும் நின்றால் கை படும் உயரம். மேற்கு அறைக்கு வந்ததும் அத்தை அவரை நிறுத்தினாள். ஜன்னலோரம் ஒரு கட்டிலைப் போடச் சொன்னாள். சிமெண்டுத் தூசி படிந்த அந்தக் கட்டிலில், பட்டுச்சேலையோடு ஏறி மல்லாந்து படுத்தாள். தலையைத் தூக்காமல் கையை மட்டும் மெல்ல நீட்டினாள். வலு இல்லாத கை எப்படி நீளுமோ அப்படி நீட்டினாள். விரல் பட்ட இடத்தைக் காட்டி, "இங்க வைங்க" என்றாள்.

"இத்தனை தாழவுங்களா?" என்றார் ஆசாரி.

"படுத்துட்டே காத்து வாங்கலாமுங்க."

அவள் எழுந்தபோது முதுகெல்லாம் வெள்ளைத் தூசி. நான் தட்டிவிட்டேன். அந்த அறையில் மற்ற அறைகளைவிட அதிகமான ஜன்னல்கள் இருப்பதையும், அது வீட்டின் மற்றப் பகுதியிலிருந்து ஒரு நடைபாதையால் தள்ளி இருப்பதையும் அப்போதுதான் பார்த்தேன்.

பழைய வீட்டுப் புழக்கடையில் ஒரு அடுப்பு காலையும் மாலையும் தனியாக எரிந்தது. அதன்மேல் ஒரு குண்டாவில் தண்ணீர் கொதிக்கும். அன்று சாயங்காலம் முகம் கழுவப் போனவள் எட்டிப் பார்த்தேன். கொதிநீருக்குள் ஒரு வெள்ளி டம்ளர் உருண்டுகொண்டிருந்தது. அதன் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அந்த நசுங்கல் நான் செய்தது. கான்வென்டில் படித்தபோது கோபத்தில் மச்சான்மேல் விட்டெறிந்தேன், அவர் விலகிக்கொள்ளச் சுவரில் பட்டு நசுங்கியது. அதற்குப் பிறகு அவர் வேறு எந்த டம்ளரிலும் குடிக்கமாட்டார். பம்பாய்க்குப் போன மனிதரின் டம்ளர் கோயமுத்தூரில் எதற்காகக் கொதிக்கிறது?

அடுப்பு எரித்துக்கொண்டிருந்தவளைத் துருவித் துருவிக் கேட்டேன். அவர் பம்பாயில் இல்லை. ஊருக்கு வெளியே அவர்களுடைய தோட்டத்துச் சாளையில், ஒரு ஓலைக் குடிசையில் இருந்தார். தூக்குப்போசியில் சாப்பாடு அங்கே போய் வந்துகொண்டிருந்தது. அந்த நோவின் பெயரை எங்கள் பக்கத்தில் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் அந்த வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். எலும்பை உருக்கிக்கொண்டு, இருமி இருமி ஆளையே தீர்த்துவிடும். மருந்து கிடையாது. நல்ல காற்றும் பாலும் முட்டையும்தான் அன்றைக்கு டாக்டர்கள் சொன்ன வைத்தியம். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்பது பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட வைத்தியம்.

நான் பயந்துவிட்டேன். மச்சானை நினைத்து அழுதேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மையில் நான் என்னை நினைத்துத்தான் முதலில் அழுதேன். வெள்ளைச் சேலையோடு அந்த பங்களாவில் என்னைப் பார்த்தேன். அதற்கு முன்னாலேயே அதே கட்டிலில் படுத்து, அதே கைப்பிடியைத் தேடுகிறவளாகவும் பார்த்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் அப்பாவிடம் சொன்னேன். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். முழுசாகக் கேட்டார். டம்ளர் வரைக்கும் கேட்டார்.

"உங்கத்தை உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

"இல்லீங்கப்பா."

"அப்பறமென்ன. அவளே சொல்லாம நாம எப்படிக் கேக்கறது? பொறந்தவளைப் பாத்து, உன்ற பையனுக்கு அந்த நோவான்னு நான் கேட்டா, அவ இந்த ஊட்டு வாசப்படி மிதிப்பாளா?"

"அப்ப நான் போகோணுங்களா?"

அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். கூறைப்புடவை பிடித்தவள் நாலு பேர் முன்னால் கேட்டால் அவர் தலையாட்டிவிடுவார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அம்மா எனக்குத் தலை வாரிவிடும்போது சீப்பை வைத்துவிட்டு வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னைப் பெற்றவர்கள் இருவரும் மரியாதைக்குப் பயந்தவர்கள். எனக்கு அவர்கள்மேல் வந்த ஆத்திரம் அடங்க வெகுகாலம் ஆயிற்று.

புதுவீடு புகும் விசேஷம் பங்குனியில் வந்தது. பிறந்த வீட்டுச் சீர் எடுத்துக்கொண்டு நாங்கள் போனோம். பங்களா பளபளத்தது. வந்தவர்கள் எல்லோரும் கைப்பிடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். யார் பார்த்து எடுத்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அத்தை என்னைக் காட்டி, "என்ற மருமகதான்" என்றாள். அண்ணன் மகளும் மருமகள்தான். ஆனால் அவள் அதைச் சொன்ன விதத்தில் பெண்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார்கள்.

வீட்டில் எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன, மேற்கு அறையைத் தவிர. அதன் கதவில் பூட்டு. ஜன்னல்கள் சாத்தி, உள்ளே பச்சைத் திரை. சாமான் போட்டு வைத்திருக்கிறது என்றாள் அத்தை. அந்த வெயிலில், அந்தக் கண்ணாடிகளுக்குப் பின்னால் சாமான் அல்ல, மூச்சு விடத் தவிக்கும் ஒரு மனிதர் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. புதுவீட்டில் பால் பொங்கும்போது மகன் வீட்டுக்குள் இல்லாமல் இருக்கக் கூடாது என்று அவரைச் சாளையிலிருந்து விடியுமுன்னே கொண்டுவந்து வைத்திருந்தாள்.

அத்தை எல்லாவற்றையும் யோசித்தவள், வெயிலை மட்டும் யோசிக்கவில்லை. உறவுக்காரர்களுக்குக் கிழக்கு வாசலில் ஜமக்காளம் விரித்திருந்தாள். காலை வெயில் நேராக அங்கே அடித்தது. சாப்பாடு முடிந்த ஆண்கள், சொல்லாமல் கொள்ளாமல் ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு போய் மேற்குப் பக்கம் நிழலில் விரித்துவிட்டார்கள். அந்த அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே. "இங்க வேண்டாமுங்க, கூடத்துக்கு வாங்க, ஃபேன் போடறேன்" என்று அத்தை கெஞ்சிப் பார்த்தாள். காற்று இங்கேதான் நன்றாக இருக்கிறது என்று அவர்கள் அசையவில்லை.

அவளுக்கு அதற்குமேல் பொறுக்க முடியாது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ஒரு தட்டில் உப்பும் சர்க்கரையும் வெற்றிலையும் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். எங்களில் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். சீர் செய்துவைக்கிற பெரியவரும் அங்கே இருந்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் தூணோரம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்கண்ணா," என்றாள் அத்தை. குரல் உடைந்தது. "உங்க பக்கத்துல கூறைச்சேலை புடிச்சு உக்காந்தவ கேக்கறேன். உங்க பொண்ணை என்ற பையனுக்குக் குடுங்க. இத்தனை பேரு முன்னால கேக்கறேன்."

கூட்டம் சந்தோஷமாகச் சலசலத்தது. அப்பா என்னைப் பார்க்கவில்லை. துண்டைத் தோளில் சரிசெய்தார். எழுந்தார். தட்டை வாங்க இரண்டு கையையும் நீட்டினார்.

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைத் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே, மிகத் தாழ்வில், விரல்கள் தெரிந்தன. அவை பட்டைக் கைப்பிடியைப் பற்றின. வழுக்கின. மறுபடியும் பற்றின. கைப்பிடி மெதுவாகத் திரும்பியது. ஜன்னல் கதவு வெளியே வந்து சுவரில் மோதியது.

முதலில் வந்தது இருமல்தான். நெஞ்சிலிருந்து வந்தது. நான் கடையில் இருமிக் காட்டியது ஒரு இருமலே இல்லை. ஜமக்காளத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்னால் போனார்கள். இருமல் நின்றதும், கம்பிகளுக்குப் பின்னால் ஒரு முகம் தெரிந்தது. எனக்குத் தெரிந்த முகத்தில் கண் மட்டும் மிச்சம் இருந்தது.

"மாமா," என்றார் மச்சான், என் அப்பாவைப் பார்த்து. "வாங்கிப்போடாதீங்க."

அப்பாவின் கைகள் நீட்டியபடியே நின்றன. பிறகு இறங்கின. அத்தையின் கையிலிருந்த தட்டு சாய்ந்து உப்பு தரையில் கொட்டியது. அவள் ஜன்னலைச் சாத்த ஓடுவாள் என்று நினைத்தேன். ஓடினாள், ஆனால் சாத்தவில்லை. கம்பிக்குள் கையை விட்டு, பட்டு முந்தானையால் மகனின் வாயைத் துடைத்தாள். முந்தானை சிவந்தது. அதை மறைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

மச்சான் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். சிரிக்க முயன்றார் என்று நினைக்கிறேன். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். வண்டி கட்டிக் கிளம்பிவிட்டோம்.

ஐப்பசி மழையில் செய்தி வந்தது. அப்பாவும் அத்தையும் அதுவரை பேசிக்கொள்ளவில்லை என்றாலும் சாவுக்குப் போகாமல் இருக்க முடியாது. பெண்கள் கூடத்தில் கட்டிக்கொண்டு அழுதார்கள். அத்தையைக் காணவில்லை. மேற்கு அறையில் இருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. போனேன்.

கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். எல்லா ஜன்னல்களும் திறந்து, சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. அத்தை வெறுந்தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மற்றக் கைப்பிடிகள் மங்கியிருந்தன. கட்டிலோரத்து ஜன்னலின் கைப்பிடி மட்டும் கை பட்டுப் பட்டுப் பளபளத்தது. என்னைப் பார்த்ததும் அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். பழைய வழக்கத்தில் அவள் விரல் என் ஜடையைத் தேடியது.

"அன்னிக்குக் கடைல சாவி வெச்ச கைப்பிடி ஒண்ணு காட்டுனாரே, ஞாபகம் இருக்குதா கண்ணு?" என்றாள்.

"இருக்குதுங்க அத்தை."

"அத வாங்கியிருந்தா நீ இன்னிக்கு இந்தூட்டு மருமக. என்ற பையனும் ஒரு பொண்டாட்டி கையில கஞ்சி குடிச்சுட்டுப் போயிருப்பான்." சாரல் பட்ட முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாமயா வேண்டாம்னேன்? நான் பூட்டிட்டு எங்கியாச்சும் போயி, அவன் காத்துக்குத் தவிச்சுப்போட்டான்னா?"

நான் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். இந்தத் தடவை எனக்காக அழவில்லை. அவள் என் பின்னலை அவிழ்த்து, முதலிலிருந்து மறுபடியும் பின்ன ஆரம்பித்தாள்.